ஏர் இந்தியாவின் அகன்ற உடல் விமானங்கள்

பயணிகள் அறையில் இரண்டு நடைவழிகள் உள்ள பெரிய ஜெட் விமானங்களை அகன்ற உடல் விமானங்கள் என்பர். ஏர் இந்தியா இவ்வகையில் தன் முதல் விமானத்தை 1971-ல் பெற்றது. அன்றிலிருந்து போயிங் 747, ஏர்பஸ் ஏ300, ஏ310, போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய ரகங்கள் அதன் அணியில் இடம்பெற்றன. எது எத்தனை ஆண்டு பறந்தது என்று பார்த்தால், அதில் விமானத்தின் வயதுக்கு இருந்த பங்கு குறைவு. நிறுவனம் நெடுங்காலம் அரசுடைமையாக இருந்ததால், தில்லியில் கோப்பு நகர்ந்த வேகத்துக்கே பங்கு அதிகம்.

விமானத்தின் வயதை ஆண்டுக்கணக்கில் மட்டும் சொல்வதில்லை. மேலே செல்லும் ஒவ்வொரு முறையும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்பட்டு உடற்கூடு இம்மியளவு உப்புகிறது. இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. இது ஒரு சுற்று. சுற்றுகள் கூடக்கூட உலோகம் களைத்து, ரிவெட் துளைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடலாம். மும்பையிலிருந்து லண்டனுக்கு ஒன்பது மணி நேரம் பறந்தாலும் கணக்கில் ஒரே சுற்றுதான். அதனால் நாளைக்கு ஆறு முறை ஏறி இறங்கும் சிறிய விமானத்தைவிட நெடுந்தொலைவு விமானம் மெதுவாகவே மூப்படைகிறது. (ஜப்பானின் உள்நாட்டுத் தடங்களுக்காகப் போயிங் 747-ஐ வலுப்படுத்தி 747எஸ்ஆர் என்று தனி ரகமே செய்ய நேர்ந்தது இதனால்தான்.)

கழித்துக்கட்டும் முடிவுக்குத் தள்ளுவது பெரும்பாலும் டி செக். ஆறு முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை இருக்கை, தரை, உட்சுவர்ப் பலகை எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு, துருவையும் விரிசலையும் தேடும் பெரும் பராமரிப்பு இது, வாரக்கணக்கில் நடக்கும். விமானம் பழையதாக ஆக, இந்தச் செலவு அதன் சந்தை மதிப்பையே எட்டிப்பிடிக்கும். எரிபொருள் விலையும் ஏறியிருந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. உலகின் பெரிய நிறுவனங்கள் பலவும் 20 முதல் 25 ஆண்டுக்குள் இவற்றை விற்றோ, சரக்கு விமானமாக மாற்றியோ, உறுப்பு உறுப்பாகப் பிரித்தோ கணக்கை முடித்துவிடுகின்றன.

ஏர் இந்தியாவின் முதல் 747, ‘எம்பரர் அசோகா’. ஜே.ஆர்.டி. டாட்டா தலைவராக இருந்த காலம் அது. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் மாடங்களைப் போல வளைவு தீட்டி, வானத்து அரண்மனை என்றே விளம்பரம் செய்தார்கள். தொடர்ந்து வந்தவற்றுக்கும் பேரரசர்களின் பெயர்கள். ராஜேந்திர சோழன் பெயரில் ஒன்று பறந்தது. மகேந்திரவர்மன் பெயரில் ஒன்று. 1988-ல் வந்த 747-300 ரகத்தில் மகன் நரசிம்மவர்மனுக்கும் ஒன்று. கடல் கடந்து படை நடத்திய சோழனின் பெயரைக் கடல் தாண்டும் விமானத்துக்கு வைத்தவர் யாரோ, வரலாறு படித்தவர். இந்த அணியில் இரண்டு விமானங்கள் மூப்புக்கு முன்பே மறைந்தன: ‘அசோகா’ 1978 ஜனவரி 1 அன்று மும்பைக் கடலில் விழுந்து 213 பேர் மாண்டனர், ‘கனிஷ்கா’ 1985 ஜூன் 23 அன்று அட்லாண்டிக் மீது குண்டுவெடிப்பில் சிதறி 329 பேர் இறந்தனர்.

1980-களில் ஏ300-உம் ஏ310-உம் வளைகுடா போன்ற நடுத்தரத் தொலைவுகளுக்காக வந்தன. ஏ310-களில் சில பின்னாளில் சரக்கு விமானங்களாயின. 1993 முதல் 1996 வரை ஆறு 747-400 விமானங்கள் வந்தன; கொனார்க், தஞ்சாவூர், அஜந்தா, ஆக்ரா என்று இம்முறை ஊர்ப்பெயர்கள்.

அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக ஆலையிலிருந்து நேரே ஒரு அகன்ற உடல் விமானமும் வரவில்லை. பிறர் ஓட்டிப் பழகியவற்றை வாடகைக்கு எடுத்துச் சமாளித்தார்கள். பிறகு மடை திறந்தது. 2005-06-ல் போயிங்கிடம் ஒரே மூச்சில் 68 விமானங்கள் கேட்கப்பட்டன. அவற்றுள் 777 ரகத்தில் 23, 787 ரகத்தில் 27. இக்கொள்முதலின் அளவையும் கடனையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011 அறிக்கை கடுமையாகச் சாடியது. 2008-ல் வரவேண்டிய 787, 2012 செப்டம்பரில்தான் வந்தது. அடுத்த ஜனவரியிலேயே மின்கலக் கோளாறால் உலகெங்கும் அந்த ரகத்தைப் பறக்காமல் நிறுத்திவைத்தனர்.

இவ்வரலாற்றின் வினோதமான பக்கம் 777-200எல்ஆர். அமெரிக்காவுக்கு இடைநில்லாமல் பறக்க 2007 முதல் எட்டு வாங்கினார்கள். எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை என்று, ஏழெட்டு வயதுகூட நிறையாத ஐந்தை எதிகாத் நிறுவனத்துக்கு விற்றார்கள். 2022 ஜனவரி 27 அன்று டாட்டா குழுமம் ஏர் இந்தியாவை அரசிடமிருந்து கைக்கொண்டதும், அமெரிக்காவின் டெல்டா கழித்த அதே 777-200எல்ஆர் ரகத்தில் ஐந்து வாடகைக்கு வந்தன. விற்றதும் ஐந்து, வாடகைக்கு வந்ததும் ஐந்து. விற்றதை அவசரம் என்றே சொல்ல வேண்டும்.

747-400 இதற்கு நேரெதிர். எரிபொருளை விழுங்கும் நான்கு இன்ஜின் விமானங்களை உலகம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோதும், ஹஜ் பயணத்துக்கும் குடியரசுத் தலைவர், பிரதமர் பயணங்களுக்கும் அவை தேவைப்பட்டன. தலைவர்களுக்கென 777 விமானங்கள் 2020-ல் வந்த பிறகே அந்தப் பணி முடிந்தது. 2021-ல் பயணிகள் சேவையும் நின்றது. மும்பையில் நின்ற ‘ஆக்ரா’ 2024 ஏப்ரல் 22 அன்று, விற்கப்பட்ட நிலையில், அமெரிக்காவுக்குக் கிளம்பியது. மேலெழுந்ததும் விமானி இறக்கைகளை இருபுறமும் சாய்த்து விடை சொன்னார்.

டாட்டா நிர்வாகம் 2023-ல் 470 விமானங்கள் வாங்கும் முடிவை அறிவித்தது. அதில் 70 அகன்ற உடல் வகை. முதலில் வந்த ஏ350 விமானங்கள் ரஷ்யாவின் ஏரோஃபிளாட்டுக்காகக் கட்டப்பட்டு, தடைகளால் அங்கே போக முடியாமல் நின்றவை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் பதினோரு ஆண்டு பறந்திருந்த ஒரு 787 விபத்துக்குள்ளாகி, விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தனர். எஞ்சிய 26 பழைய 787-களுக்குப் புது இருக்கைகள் பொருத்தும் வேலை அதே ஆண்டில் தொடங்கியது. ஆர்டர் செய்த பத்து 777-9 விமானங்கள் இன்னும் பட்டியலில்தான் உள்ளன. போயிங் முதலில் போட்ட திட்டப்படி அந்த ரகம் 2020-லேயே சேவைக்கு வந்திருக்க வேண்டும்.