வெட்டி ஒட்டியவர்: எஸ்ஃபிர் ஷுப்

மாண்டாஜ் என்று பேச்சு வந்தாலே நாமெல்லாம் ஐசன்ஸ்டீன்ல ஆரம்பிச்சு பொட்டெம்கின் படிக்கட்டுல முடிச்சிடுவோம். நானும் அந்த கோஷ்டிதான். அந்த ஐசன்ஸ்டீனே எடிட்டிங் மேஜையில ஒரு அம்மாவுக்குப் பக்கத்துல உட்கார்ந்து தொழில் கத்துக்கிட்டவர்னு தெரிஞ்சப்ப கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

அவர் எஸ்ஃபிர் ஷுப். 1922லிருந்து மாஸ்கோவில், வெளிநாட்டுப் படங்களை சோவியத் ரசிகர்களுக்கு ஏற்றமாதிரி வெட்டி, டைட்டில் கார்டு மாற்றுகிற வேலை. ஃப்ரிட்ஸ் லாங்கின் இரண்டு பாக 'டாக்டர் மபூஸ'வை 1924ல் ஒரே படமாக அவர் சுருக்கியபோது கூட இருந்தவர் ஐசன்ஸ்டீன். அடுத்த வருஷமே 'ஸ்ட்ரைக்', 'பொட்டெம்கின்' இரண்டும் வந்துவிட்டன.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஜார் இரண்டாம் நிக்கோலஸுக்கு சினிமா பைத்தியம் உண்டு. அரண்மனைக்கென்றே கேமராமேன்கள் இருந்து, விழா, ஊர்வலம், குடும்ப உல்லாசம் எல்லாத்தையும் எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். புரட்சிக்குப் பிறகு அந்தச் சுருள்கள் கிடங்குகளில் நைந்துகொண்டிருந்தன. ஷுப் அவற்றையும் பழைய செய்திப்படங்களையும் தேடிப்பிடித்து, சுமார் 60,000 மீட்டர் ஃபிலிமைப் போட்டுப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் 1927ல் வெளியான 'ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி'. நடிகர் கிடையாது, செட் கிடையாது.

ஒரு இடம் சொல்றேன். கப்பல் மேல்தளத்தில் சீமாட்டிகளும் அதிகாரிகளும் மசூர்க்கா ஆடுகிறார்கள். வியர்க்க விறுவிறுக்க ஆட்டம். வியர்வையைப் பற்றி ஒரு டைட்டில் கார்டு. அடுத்து, மண் வெட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள். அவர்களுக்கும் வியர்வைதான். அவ்வளவே! ஜாரைத் திட்டி ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

எனக்கு இங்கேதான் கொஞ்சம் உறுத்தல். பெருமைக்காக எடுத்து வைத்த படம், எடுத்தவங்களுக்கே எதிரான சாட்சியாக நிற்கிறது. அதில் வருகிற பிள்ளைகளை 1918ல் பெற்றோரோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பதும் பார்க்கும்போது ஞாபகத்துக்கு வந்து தொலைக்குது. ஆட்டமும் நிஜம், மண்வெட்டியும் நிஜம். ஆனா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நடந்ததில்லை. பக்கத்துல வச்சது ஷுப். பொய்யா இது? எனக்கு அப்படித் தோணலை. அந்த ஆட்களை அரண்மனைக் கேமரா எந்தக் காலத்திலும் ஆட்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்காது. இன்னொண்ணு, ஷுப் ஷாட்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்குகிறவர் இல்லை. நாம நின்னு முகங்களைப் பார்க்கிற அளவுக்கு நீளமாகவே விடுகிறார். ஐசன்ஸ்டீனுக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசமே அதுதான்.

இவ்வளவு செய்தவருக்கு ஸ்டூடியோ என்ன செய்தது தெரியுமா? படத்தின் படைப்பாளி என்று ஏற்க மறுத்தது. அடுத்தவர் எடுத்த துண்டுகளை ஒட்டினதுக்கு என்ன உரிமை என்று கேள்வி! கவிஞர் மயாகோவ்ஸ்கி பொதுமேடையிலேயே இதைக் கண்டித்துப் பேசினார்.

படம் இணையத்தில் கிடைக்குது, சுமார் ஒன்றரை மணி நேரம். பொறுமை இல்லாதவங்க அந்தக் கப்பல் ஆட்டத்தை மட்டுமாவது பார்த்துடுங்க :-)