கிப்லாவும் உள்ளங்கையும்

கர்நாடகத்தில் முஸ்லிம்களும், சிவனை வழிபடும் லிங்காயத்துகளும் அக்கம்பக்கமாக வாழும் ஊர்கள் ஏராளம். இரு சாராரும் இறந்தவரை எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். ஆனால் குழிக்குள் உடலை வைக்கும் விதத்தில் இருவருக்கும் ஒற்றுமை மிகக் குறைவு.

இந்தியாவிலிருந்து மக்கா மேற்கே இருப்பதால் இங்கே முஸ்லிம்களின் கபர் (புதைகுழி) வடக்குத் தெற்காக நீளும். தலை வடக்கே. மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலை, வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையைப் பார்க்கும்படி கிடத்த வேண்டும். உடல் மல்லாந்து புரண்டுவிடாமல் முதுகுக்கு மண்கட்டியை முட்டுக் கொடுப்பதுண்டு. உடலைச் சுற்றிய கஃபன் துணியின் முடிச்சுகளையும் அவிழ்த்துவிடுவார்கள். தாஜ்மகாலின் பளிங்குக்கு அடியில் இருக்கும் ஷாஜகானுக்கும் இதே வடக்குத் தெற்குதான். துருக்கியில் இறந்தவர் தெற்கே பார்ப்பார், மொராக்கோவில் கிழக்கே. தொழுகையில் உயிரோடிருப்பவர்கள் எந்தத் திசை நோக்கி நிற்கிறார்களோ, அதே திசைதான் இறந்தவருக்கும்.

லிங்காயத்து வீட்டில் உயிர் பிரிந்ததும் ஓர் அவசரம் தொற்றிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் காலை மடக்கி, சம்மணமிட்டு உட்கார வைத்தாக வேண்டும். சுவரிலோ பலகையிலோ சாய்த்து, தலை தொங்காமல் துணியால் கட்டுவார்கள். குளிப்பாட்டி, விபூதி பூசி, பூ அலங்காரம் செய்த பல்லக்கில் உட்கார்ந்த நிலையிலேயே ஊர்வலம். குழிக்குள் இறக்கியபின், வாழ்நாளெல்லாம் மார்பில் தொங்கிய இஷ்டலிங்கத்தை இடது உள்ளங்கையில் வைக்கிறார்கள். அன்றாடப் பூஜையிலும் அதை இப்படித்தான் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகம் வடக்கே, கிழக்கே என்ற வழக்கங்கள் உண்டுதான். ஆனாலும் பார்வைக்குரிய இடம் அந்தக் கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 12ஆம் நூற்றாண்டில் கோயிலை விட்டுத் தெய்வத்தை உடம்பிலேயே அணியச் சொன்ன பசவண்ணரின் வழியினர் வேறெங்கே பார்க்கப்போகிறார்கள்?

ஒன்றில் மட்டும் இந்த இரண்டு முறைகளும் நெருங்கி வருகின்றன. இறுகிய மண்ணில் கபரின் கிப்லாப் பக்கச் சுவரைக் குடைந்து, அந்த மாடத்துக்குள் உடலை வைக்கும் முறை இஸ்லாத்தில் உண்டு. லிங்காயத்துக் குழியிலும் உடலை அமர்த்தப் பக்கவாட்டில் மாடம் குடையும் வழக்கம் இருந்திருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். மண் நேராக உடல்மீது விழாமலிருக்க எவருக்கும் தோன்றக்கூடிய வழிதான் இது.

2019 ஜனவரியில் தும்கூர் சித்தகங்கா மடத்தின் சிவகுமார சுவாமிகள் 111 வயதில் மறைந்தபோது, அவரை அமர்ந்த நிலையில் அடக்கம் செய்தார்கள். தமிழ்நாட்டில் ஆதீனகர்த்தர்களையும் துறவிகளையும் அப்படிச் சமாதி வைப்பதைக் கண்ட நமக்கு அது புதிதல்ல. ஆனால் லிங்காயத்துகளிடையே அந்த அமர்வு மடாதிபதிக்கு மட்டும் உரியதன்று. உழவருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் அதே சம்மணம்தான், கையில் அதே லிங்கம்தான்.