போர்முனைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில்

டாக்டர் கோட்னிஸ் என்று பேச்சு வந்தால் இரண்டு விஷயம்தான் வரும். சீனாவுக்குப் போனார், அங்கேயே இறந்தார். சாந்தாராம் 1946இல் எடுத்த இந்திப் படத்தில் மனதில் நிற்பதும் ஏறக்குறைய அதுதான். அவர்கள் எத்தனை தடவை இடம் மாறினார்கள், எந்தத் திசையில் மாறினார்கள் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் வேறு ஒரு கதை கிடைக்கிறது.

1937 நவம்பரில் சீன எட்டாவது ராணுவத்தின் தளபதி ஷூ தே நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜப்பான் சீனாவுக்குள் புகுந்து அப்போது சில மாதம்தான் ஆகியிருந்தது. மருந்து வேண்டும், அறுவை சிகிச்சை தெரிந்த டாக்டர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். மறு வருடம் காங்கிரஸ் தலைவரான சுபாஷ் போஸ் பொதுமக்களிடம் நிதி கேட்டார். சேர்ந்தது சுமார் 22,000 ரூபாய். ஐந்து டாக்டர்கள் முன்வந்தார்கள்: அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. இதில் பாசு பிறகு சேர்ந்தவர். முதலில் பேர் கொடுத்த ரணேன் சென்னுக்குப் பிரிட்டிஷ் அரசு பாஸ்போர்ட் தரவில்லை, கம்யூனிஸ்ட் என்று. ஆக, போருக்குப் பக்கத்தில் யார் போகலாம் என்பதைப் பம்பாயில் கப்பல் ஏறும் முன்பே ஒரு அரசாங்கம் தீர்மானிக்க ஆரம்பித்துவிட்டது.

1938 செப்டம்பர் 1, 'ராஜ்புதானா' கப்பல். அந்த மாதமே காண்டன் துறைமுகம். அங்கிருந்து ஹாங்கோ. அக்டோபர் கடைசியில் காண்டன், ஹாங்கோ இரண்டுமே ஜப்பானியர் கைக்குப் போயின. டாக்டர்கள் மேற்கே நகர்ந்து, கடைசியில் சியாங் கை ஷேக்கின் தலைநகரான சுங்கிங் வந்து சேர்ந்தார்கள். இதுவரை எல்லாமே போரிலிருந்து விலகிப் போன பயணம்தான்.

சுங்கிங்கிலும் காயம்பட்டவர்கள் இருந்தார்கள். அங்கேயே தங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இவர்கள் கேட்டது யெனான். கம்யூனிஸ்டுகளின் தளம் என்பதால் சியாங் அரசுக்கு அவர்களை அனுப்ப இஷ்டமில்லை. இதற்கு நடுவில் கோட்னிஸுக்கு சோலாப்பூரிலிருந்து அப்பா இறந்துவிட்ட செய்தி வந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. 1939 பிப்ரவரியில் ஐந்து பேரும் யெனானில் இருந்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது. யெனானில் வேலை இருந்தது, பாதுகாப்பும் ஓரளவு இருந்தது. சோல்கரும் முகர்ஜியும் அந்த வருடமே ஊர் திரும்பினார்கள். மிச்சம் மூவரும் போர்முனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்து, நவம்பரில் கிளம்பினார்கள். காரணம் வீரம் மட்டுமில்லை, கணக்கு. மருந்துப் பெட்டியை ஆயிரம் மைல் தள்ளி இருந்தும் அனுப்பலாம். அறுவை சிகிச்சையை அனுப்ப முடியாது. கெடார்ப் பக்கம் ரோட்டில் அடிபட்டவரை விழுப்புரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வீட்டார் படும் பாடு நமக்குத் தெரியும். தார்ச்சாலையும் ஆம்புலன்சும் இருக்கும் காலத்திலேயே இப்படி. மலைப்பாதையில் ஸ்ட்ரெச்சரில் நாள் கணக்காகத் தூக்கி வரும்போது காயம் சீழ் பிடித்துவிடும். கனடாக்காரர் நார்மன் பெத்யூன் ஸ்பெயினிலும் சீனாவிலும் அடித்துச் சொன்னது இதைத்தான்: காயம்பட்டவர் டாக்டரிடம் வரக் காத்திருக்காதே, நீ போ. அடலும் ஸ்பெயின் போரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

அவர்கள் வழியில் இருக்கும்போதே, நவம்பர் 12 அன்று, பெத்யூன் இறந்துபோனார். அறுவை சிகிச்சையின்போது விரலில் பட்ட வெட்டு வழியாக ரத்தத்தில் நஞ்சேறிவிட்டது.

அடல் 1940இல் உடம்பு முடியாமல் திரும்பினார். கோட்னிஸும் பாசுவும் ஜப்பானியர் காவலில் இருந்த ரயில் பாதைகளைத் தாண்டி உள்ளே போனார்கள். அந்த வருடப் பெரிய தாக்குதலில் கோட்னிஸ் 72 மணி நேரம் தூங்காமல் கத்தி பிடித்தார் என்றும், 800 பேருக்கு மேல் சிகிச்சை அளித்தார் என்றும் சொல்கிறார்கள். 1941இல் பெத்யூன் பேரில் இருந்த மருத்துவமனைக்கு இயக்குநர் ஆனார். அது பெரிய கட்டடம் எல்லாம் இல்லை, கிராமத்து வீடுகள். எதிரி வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு நகர வேண்டும். 1942 டிசம்பர் 9, வலிப்பு நோயில் இறந்தார். வயது 32. பாசு 1943இல்தான் ஊர் திரும்பினார்.

இதைப் படிக்கும் தமிழருக்கு 2008 செப்டம்பர் ஞாபகம் வராமல் இருக்காது. உங்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது, வன்னியை விட்டு வெளியேறுங்கள் என்று இலங்கை அரசு உதவி நிறுவனங்களிடம் சொன்னது. போகாதீர்கள் என்று கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்று கேட்டார்கள். செப்டம்பர் 16 அன்று ஐ.நா. வண்டிகள் வவுனியாவுக்குப் போய்விட்டன. செஞ்சிலுவைக் குழு தங்கியது. அதன்பிறகு வவுனியாவிலிருந்து உணவு லாரிகள் போனது உண்மை. ஆனால் வெளியேறியதால் உதவி தருவதும் கண்காணிப்பதும் எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதை 2012இல் ஐ.நா.வின் சொந்த விசாரணைக் குழுவே எழுதியது. சுங்கிங் அரசு சொன்னதும் கொழும்பு சொன்னதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து பேர் எடுக்கிற முடிவும் ஒரு உலக நிறுவனம் எடுக்கிற முடிவும்கூட ஒன்றல்ல, தன் ஊழியர் உயிருக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த வாசலில் நின்றவர்கள் கேட்டது அரிசியை மட்டும் இல்லை. பக்கத்தில் இருங்கள் என்பதைத்தான் கேட்டார்கள்.

வன்னியில் இருந்த அரசு டாக்டர்கள் சிலருக்குப் போர்முனையைத் தேடிப் போகிற வேலையே இல்லை, அதுதான் அவர்களைத் துரத்தி வந்தது. கிளிநொச்சி, தர்மபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று மருத்துவமனை நகர்ந்துகொண்டே இருந்தது. 2009 மே மாதம் வெளியே வந்ததும் அவர்களைக் கைது செய்தார்கள்.