ஷெப்பர்ட்ஸ் பை: நீலகிரி வழக்கு

ஷெப்பர்ட்ஸ் பை என்பது சமைத்த கொத்துக்கறியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி அவனில் சுட்டெடுக்கும் பிரிட்டானிய உணவு. நீலகிரியில் தேயிலைத் தோட்ட பங்களாக்களின் சமையற்கட்டுகளிலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் இது வேரூன்றியது. பெயரில் ‘பை’ இருந்தாலும் மைதா மாவில் செய்த ஓடு இதற்குக் கிடையாது, கிழங்குதான் மூடி. ஆட்டுக்கறியில் செய்தால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறியில் செய்தால் காட்டேஜ் பை என்பது பின்னாளில் வந்த பாகுபாடு. ‘காட்டேஜ் பை’ என்ற பெயர் 1791இலேயே எழுத்தில் வந்துவிட்டது; மற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. வாட்டிய இறைச்சியில் மீந்ததைக் கொத்தி, மலிவான கிழங்கோடு சேர்த்து இன்னொரு வேளைச் சாப்பாடாக்கும் எளிய வீட்டுச் சிக்கனம்தான் இதன் மூலம்.

இதில் கறியைவிடக் கிழங்குக்கே முதலிடம் தர வேண்டும். நீலகிரியில் இந்த உணவு நிலைத்ததற்கும் கிழங்கே காரணம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் அவர் கட்டிய வீடு ‘கல் பங்களா’ எனப் பெயர்பெற்றது. ஐரோப்பியக் காய்கறிகளையும் உருளைக்கிழங்கையும் அவர் இங்கே பயிரிட்டுப் பார்த்தார். ஆனால் உருளைக்கிழங்கை மலையின் பயிராக்கியது படுகர் உள்ளிட்ட உள்ளூர் விவசாயிகளின் உழைப்பு. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என ஆண்டுக்கு மூன்று போகம் எடுக்கிறார்கள். செம்மண் ஒட்டிய ‘ஊட்டி உருளை’ மேட்டுப்பாளையம் மண்டியில் 45 கிலோ மூட்டைகளாக ஏலம் போகிறது.

இந்தப் பயிர் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் கூட்டுக்குள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். மண்ணோடும் விதைக்கிழங்கோடும் ஊர்விட்டு ஊர் போகும். அதனால் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. உதகையை அடுத்த முத்தோரையில் 1957இல் தொடங்கிய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் நூற்புழுவைத் தாங்கும் ரகங்களைத் தேடி உழைத்தது. குஃப்ரி ஸ்வர்ணா அப்படி வந்த ரகம். மலையில் நெடுங்காலம் பயிரான இன்னொரு ரகம் குஃப்ரி ஜோதி, 1968இல் வெளியானது. குஃப்ரி என்பது சிம்லா அருகிலுள்ள ஊரின் பெயர்.

நான்கு பேருக்கு முக்கால் கிலோ கிழங்கும் அரைக்கிலோ கொத்துக்கறியும் போதும். கிழங்கு வேகும் நேரத்தைச் சமவெளிக் கணக்கில் எண்ணக் கூடாது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 டிகிரி வரலாம். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதைத் தாண்டாது. சமவெளியில் வேகும் நேரத்திலேயே இறக்கினால் கிழங்கின் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். அழுத்தத்தால் கொதிநிலையை உயர்த்தும் குக்கர் மலை வீட்டுக்கு அவசியமாவது இதனால்தான்.

வெந்ததும் நீரை வடித்து, வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் சூடுகாட்டி ஈரத்தைப் போக்க வேண்டும். சூடு ஆறுமுன் 50 கிராம் வெண்ணெயும் அரைக் கோப்பைச் சூடான பாலும் உப்பும் சேர்த்துக் கையால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் கிழங்கின் செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளிவரும். கலவை பசையாக இழுக்கும். இந்த ஒரு தவறுதான் பையை அடியோடு கெடுப்பது.

கறிக்கு இரண்டு வெங்காயத்தை வதக்கி, இஞ்சி பூண்டு, கொத்துக்கறி, பொடியாக நறுக்கிய ஊட்டி கேரட், பட்டாணி, மிளகுத்தூள் என்ற வரிசையில் சேர்க்கலாம். ஆங்கிலோ இந்தியர் கைப்பக்குவத்தில் மஞ்சளும் பச்சை மிளகாயும் மல்லித்தழையும் சேரும். என் மதிப்பில் அதுவே மேலான சுவை. ஒரு கரண்டி மைதாவைத் தூவிக் கிளறி, சிறிது நீர் விட்டு, குழம்பு கெட்டிப்படும்வரை வேகவிட வேண்டும். கறி நீர்த்திருந்தால் மேலே பரப்பும் கிழங்கு அதில் அமிழ்ந்துவிடும். சற்று ஆறவிட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கிழங்கைப் பரப்பினால் விளிம்பில் குழம்பு பொங்காது. முள்கரண்டியால் கீறிய வரிகளின் முகடுகள்தான் முதலில் சிவக்கும்.

அவனில் 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தால் போதும். உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்தவை. மேலே நிறம் ஏறுவதற்குத்தான் இந்தச் சூடு. அவன் இல்லாத நாளில் மூடியின் மேலும் பாத்திரத்தின் அடியிலும் விறகுத் தணல் போட்டுச் சுட்டார்கள். இன்று அவன் இல்லாதவர்கள், மொறுமொறுப்புக் குறைந்தாலும் பரவாயில்லை என்றால், கனமான தவாவின் மேல் மூடிவைத்துச் சூடேற்றலாம். சைவத்துக்குக் காளான் நன்றாகப் பொருந்துகிறது. நீலகிரியிலேயே மொட்டுக்காளான் விளைகிறது.

ஆங்கிலோ இந்தியச் சமையலின் ‘பொட்டேட்டோ சாப்’ இதன் நெருங்கிய உறவு. அதில் மசித்த கிழங்குக்குள் கறியைப் பொதிந்து, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். பையில் மீந்ததை மறுநாள் பிசைந்து தட்டி அப்படியே பொரித்தால், காலை ரொட்டிக்கு நல்ல கட்லெட் கிடைக்கும்.