சேற்றுப்புண்ணுக்கு பென்ஷன் உண்டா?

சோரியாங்குப்பத்துக்குத் தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர். 1947 வரை அந்தக் கரை பிரிட்டிஷாருடையது. 1954 வரை இந்தக் கரை பிரெஞ்சுக்காரருடையது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆற்றைத் தாண்டி நடந்தன. ஆனால் படைக்குப் போகிற ஆண் எந்தக் கரையில் பிறந்தானோ, அந்தக் கரையின் அரசுக்குச் சொந்தம். அங்கே அவன் பட்டாளத்துக்காரன், இங்கே சொல்தா.

பாகூர் வட்டாரம் நெல் விளையும் பூமி. நடவுக் காலத்தில் பெண்களின் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். இரவில் மருதாணி அரைத்து வைத்துக் கட்டுவார்கள், விடிந்ததும் மறுபடி சேற்றில் இறங்குவார்கள். இந்தப் புண் எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. சேற்றில் நின்ற ஆண்களின் கால் மட்டும் ஒருமுறை அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. அந்தக் கதையில் நமக்குத் தேவையான பாடம் ஒன்று இருக்கிறது.

1914 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அந்தக் குளிர்காலத்தை பிளாண்டர்ஸ் பதுங்குகுழிகளில், முழங்கால் அளவு சேற்றில் கழித்தன. அங்கே பரவியதுதான் பதுங்குகுழிக் கால் நோய். உறையும் அளவுக்குக் குளிர் வேண்டியதில்லை. ஈரம், இறுகிய பூட்ஸ், நாள்கணக்கில் அசையாமல் நிற்பது, இவையே போதும். ரத்த ஓட்டம் குறையும். கால் மரத்துப்போகும், வீங்கும், முற்றினால் கறுத்து அழுகும், வெட்டி எடுக்க நேரும். 1914–15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 20,000 பேருக்கு மேல் இந்த நோய் வந்ததாகக் கணக்கு.

ராணுவம் கண்டுபிடித்த மருந்து எளிமையானது: காலைத் துடைக்க வேண்டும், திமிங்கில எண்ணெய் தடவ வேண்டும், காய்ந்த காலுறை மாட்ட வேண்டும். வீரர்கள் இருவர் இருவராக ஒருவர் காலை ஒருவர் தேய்த்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அதிகாரிகள் வந்து ஒவ்வொரு காலாகச் சோதித்தார்கள். நோய் கூடினால் அந்தப் பிரிவின் அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் பெண்கள் கூலியில்லாமல், பேரில்லாமல் செய்துவந்த பணிவிடை இங்கே படை உத்தரவானது, கண்காணிக்கப்பட்டது, எழுதி வைக்கப்பட்டது. போர் முடிந்து கால் வீடு திரும்பியதும் அதே வேலை மறுபடி மனைவியிடமும் தாயிடமும் வந்தது. அன்றோடு அது எழுதப்படுவதும் நின்றது.

பென்ஷன் சண்டையின் சிக்கல் இங்கேதான். போன விரலை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பதுங்குகுழிக் கால் ஆறிய பிறகும் வலி, மரத்துப்போதல், குளிர் தாங்காமை வருடக்கணக்கில் நீடிக்கும். வெளியே பார்த்தால் கால் நன்றாகத்தான் இருக்கும். இரவில் அவன் எத்தனை முறை எழுந்தான், எப்போதிலிருந்து நொண்டினான் என்பதை அறிந்தவள் வீட்டில் இருந்த பெண். ஆனால் அலுவலகம் கேட்டது மருத்துவமனைச் சீட்டு.

அப்படியானால் யார் நிரூபிக்க வேண்டும்? 1919 மார்ச் 31 அன்று பிரான்ஸ் இயற்றிய சட்டம் இதற்கு ஒரு பதில் சொன்னது. போரில் ஊனமுற்றவருக்குக் கொடுப்பது தானமில்லை, நாடு பட்ட கடன். குறித்த கெடுவுக்குள் மருத்துவர் பதிந்த நோய், படைப்பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லையென்றால் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு.

சுதந்திர இந்தியாவில் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. ஊன ஓய்வூதியம் பெற, ஊனம் படைப்பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது படைப்பணியால் மோசமாகியிருக்க வேண்டும்; பொதுவாக 20 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நானா’ என்று குறிப்பார்கள். தமிழில் வாசித்தால் அது ஒரு கேள்வி: இந்தக் காலுக்குப் பொறுப்பு நானா?

தட்டைப்பாதம், குதிகால் வலி போன்றவற்றுக்கு ‘பிறவிக்கூறு’ என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவது எளிது. ஆனால் ஆள் எடுக்கும்போது காலைப் பார்த்துத்தானே எடுத்தார்கள்? தட்டைப்பாதம் இருந்தால் தேர்வில் தள்ளிவிடுவார்களே? 2013 ஜூலை 2 அன்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நியாயத்தைத்தான் சட்டமாகப் பேசியது. அவருக்கு வந்தது வலிப்புநோய், கால் நோயில்லை. ஆனால் விதி பொதுவானது: சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், நல்ல உடம்போடு சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும், மறுக்கும் மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும், சந்தேகத்தின் பலன் வீரருக்கே. துறைக்குள் மேல்முறையீடு தோற்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. அதற்குப் பின் பணி முடித்தவர்கள் அவற்றைத் தனியே படித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கரையிலோ காலோடு குடியுரிமையும் சேர்ந்துகொண்டது. 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமகனாக நீடிக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மணமாகாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் கையெழுத்து தீர்மானித்தது. தந்தை இறந்திருந்தால் மட்டுமே தாயின் வார்த்தைக்கு மதிப்பு.

அந்தக் கையெழுத்துக்குப் பண மதிப்பும் இருந்தது. பழைய பிரெஞ்சு யூனியன் நாடுகளின் குடிமக்களுக்கான ராணுவப் பென்ஷனை 1961 முதல் உயர்த்தாமல் உறைய வைக்க, 1959 டிசம்பரில் பிரான்ஸ் சட்டம் செய்திருந்தது. ஒரே போர், ஒரே ஊனம், பாஸ்போர்ட்டைப் பொறுத்து இரண்டு தொகை. செனகல் வீரர் ஒருவரின் வழக்கில் 2001-இல் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றது. 2010 மே 28 அன்று, அல்ஜீரியப் பெண் ஒருவரும் ஆண் ஒருவரும் தொடுத்த வழக்கில் அரசியல் சாசன மன்றமும் இந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அதற்குள் எத்தனையோ வீரர்கள் இறந்துவிட்டார்கள். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மிஞ்சியவர்கள் பெரும்பாலும் அவர்களின் விதவைகள்.

அந்தப் பெண்களும் நிரூபிக்க வேண்டியிருந்தது: கல்யாணம் நடந்ததை, பிறந்த தேதியை, இன்னும் உயிரோடு இருப்பதை. முப்பது வருடம் கால் பிடித்துவிட்டதை நிரூபிக்கத்தான் படிவம் இல்லை.

ஆகவே தோழிகளே, வீட்டில் முன்னாள் வீரர் இருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவக் குழுவின் அறிக்கை, நிராகரிப்புக் கடிதம் எங்கே இருக்கின்றன என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. கால் வலி எப்போது தொடங்கியது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். வேலைக்கு வந்தபோது நல்ல உடம்பு, வேலையில் கெட்டது, இல்லையென்றால் முதலாளி நிரூபிக்கட்டும் என்ற நியாயம் வானத்திலிருந்து விழவில்லை. காயம்பட்டவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது. அதே நியாயத்தை நடவு வயலுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பிளாண்டர்ஸ் சேற்றுக்குக் கணக்கு இருக்கிறது. பாகூர்ச் சேற்றுக்கு இன்னும் யாரும் கணக்கு எழுதத் தொடங்கவில்லை.