நல்லடை நெல்முளையா? பழனி மலை வட்டாரத்திலிருந்து வீட்டுக் கள் பற்றி ஒரு மறுவாசிப்பு

பெரும்பாணாற்றுப்படையில் 275ஆம் அடியை ஒட்டி வலைஞர் குடியிருப்பில் கள் ஆக்கும் முறை வருகிறது. பழந்தமிழ் நூல்களில் மதுவைப் பேசும் இடங்கள் ஏராளம். அதை வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்று படிப்படியாகச் சொல்லும் இடமாக நான் அறிந்தது இது ஒன்றே. அந்தச் செய்முறையின் உயிர்நிலை 'நல்லடை' என்ற சொல். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்கு நெல்முளை என்று பொருள் கொண்டார். முளைத்த நெல்லை இடித்துக் கூழில் கலந்தார்கள் என்பது அவர் விளக்கம். 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அவருடைய உரையோடு பதிப்பித்த பிறகு அந்தப் பொருள் பெரும்பாலும் கேள்வியின்றி நிலைத்துவிட்டது. அதைக் கேள்விக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் வேலை.

முளையா வேறொன்றா என்பது சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. தானியத்தின் மாவுப்பொருள் முதலில் சர்க்கரையாக வேண்டும். பிறகுதான் நுரைமம் அதைக் கள்ளாக்கும். மாவைச் சர்க்கரையாக்க உலகில் பெருவழக்காக உள்ளவை இரண்டு வழிகள். ஒன்று, தானியத்தை முளைகட்டி அதன் நொதிகளைப் பயன்படுத்துவது. ஐரோப்பிய பீர் இவ்வகை. மற்றொன்று, பூஞ்சை படர்ந்த அடையைக் கலப்பது. ஜார்க்கண்டின் ஹண்டியா என்ற அரிசிக் கள்ளுக்கு 'ராணு', நேபாளத்திலும் சிக்கிமிலும் 'மார்ச்சா', ஜாவாவில் 'ராகி' என்று வழங்குபவை எல்லாம் இவ்வகை. நச்சினார்க்கினியர் சொல்வது சரியென்றால் பழந்தமிழ் வீட்டுக் கள் முதல் வகையைச் சேரும். தவறென்றால் இரண்டாவது வகையைச் சேரும்.

இந்தக் கேள்விக்கு நான் வந்தது பாட்டுத் தலைவனின் காஞ்சிப் பக்கத்திலிருந்து அன்று, பழனியிலிருந்து. பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். 2009இலும் 2010இலும் பேராசிரியர் கா. ராஜன் அங்கு அகழாய்வு செய்தபோது ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் சாடி கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல். அதே குழியில் 'வ-ய்-ர' என்ற தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறித்த பிரிமணையும் இருந்தது. நெல்லின் கரிமக் கணிப்பு பொ.ஆ.மு. 490 என்று வந்தது. எழுத்தின் காலத்தை அவ்வளவு முன்னே கொண்டுபோக ஒரு கணிப்பு போதாது, மேலும் சான்று வேண்டும் என்று ஐராவதம் மகாதேவனும் எ. சுப்பராயலுவும் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. எழுத்தின் காலத்தை விட்டுவிடுவோம். எனக்கு முக்கியம் நெல்தான்: உமியோடு கூடிய நெல், சாடிக்குள், பழனி மலையின் காலடியில். அந்தச் சாடியில் கள் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இறந்தவருக்கு உணவாகவோ விதையாகவோ வைத்த நெல் அது என்பதே இயல்பான விளக்கம். நெல்லும் சாடியும் அடிவாரத்தில் இருந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இனி நச்சினார்க்கினியர். பாட்டு சொல்லும் முறையை என் சொற்களில் தருகிறேன். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அந்தத் துழவையை வாயகன்ற பிழா என்ற தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுகிறார்கள். நல்லடையைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. சாடியில் பச்சை வாடை போகும்வரை விளையவிட்டு, வெந்நீரோடு சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். நல்லடை பார்வைக்கு எப்படி இருந்தது என்பதையும் பாட்டு சொல்கிறது: பாம்பு உறையும் புற்றில் கிடக்கும் குரும்பி போல, 'பூம்புறம்' உடையதாக.

குரும்பி என்பது புற்றாஞ்சோறு. இதில் உரையாசிரியரோடு எனக்கு வேறுபாடு இல்லை. கரையான் புற்றை உடைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் வழியில் சாலையோரம் வெட்டுப்பட்ட புற்றொன்றில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. அதன் மேல் கடுகளவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் பூஞ்சையின் முடிச்சுகள். கரையான் மென்று குவித்த மரத்தூளில் தானே வளர்க்கும் பூஞ்சை அது. மழைக்குப் பின் புற்றுக்காளானாக வெளியே தலைகாட்டுவதும் அதுவே. ஆக, புலவர் உவமையாக எடுத்த பொருளே பூஞ்சை படர்ந்த ஒரு கட்டி.

'பூம்புறம்' என்பதற்கு நச்சினார்க்கினியர் பொலிவு பெற்ற புறம் என்று பொருள் கொள்கிறார். பூ என்றால் பொலிவு என்பது உரைமரபில் பழகிய வழிதான். ஆனால் இன்றும் நம் அடுக்களையில் ஊறுகாயோ பழைய மாவோ கெட்டால் 'பூத்துப்போச்சு' என்றுதானே சொல்கிறோம்? பூசணம் 'பூக்கும்' என்பது இயல்பான வழக்கு. அந்தப் பேச்சு வழக்கு பாட்டின் காலம்வரை பின்னோக்கிச் செல்லுமா என்பதை நிறுவ முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் புற்றாஞ்சோற்றோடு ஒப்பிட்டு, அதன் புறத்தைத் தனியே குறித்து, அந்தப் புறத்துக்குப் 'பூ' என்ற அடையைப் புலவர் கொடுக்கும்போது, வெறும் அழகைச் சொன்னார் என்று கொள்வது பாட்டின் கண்ணைக் குறைத்து மதிப்பதாகும். பத்துப்பாட்டில் உவமைகள் இப்படிப் பொத்தாம்பொதுவாக வருவது அரிது.

அடுத்தது 'அடை' என்ற சொல். முளைக்கு முளை என்றே பெயர் இருக்கும்போது அடை என்பானேன்? தட்டையாகத் தட்டியது, ஒட்டி இறுகியது என்ற பொருளே அடைக்கு முதலில் வருவது. தேனடை, மெழுகடை எல்லாம் அப்படித்தான். ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான வாதமும் இங்கேதான் இருக்கிறது. சாக்கில் கட்டி முளைக்கவிட்ட நெல்லை நாற்றங்காலுக்கு எடுத்துப்போன எவருக்கும் தெரியும்: வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, நெல் முழுதும் ஒரே அடையாகத்தான் வெளியே வரும், வெள்ளை வேர்கள் மேலெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும். அதையும் ஒருவர் புற்றாஞ்சோற்றுக்கு ஒப்பிட்டிருக்கலாம். நச்சினார்க்கினியர் மனத்தில் இருந்தது இந்தக் காட்சியாக இருந்தால், அவருடைய பொருளை அசட்டையாகத் தள்ள முடியாது.

அதனால் நான் உவமையை விட்டுச் செய்முறைக்கு வருகிறேன். மேலைநாடுகளில் பொழுதுபோக்காக வீட்டிலேயே பீர் ஆக்குவோர் இன்று ஏராளம். இங்கிலாந்தில் 1963இலும் அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டத்தாலும் அதற்கு வழி திறந்தது. அவர்கள் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது வெப்பநிலைதான். முளைகட்டிய வாற்கோதுமையின் நொதிகள் 65 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில்தான் மாவை விரைந்து சர்க்கரையாக்கும். ஆறிப்போனால் வேலை மந்தமாகும். நெல்முளையின் நொதி வலு வாற்கோதுமையினும் குறைவு. நம் பாட்டோ, கூழை அகன்ற தட்டில் பரப்பி ஆற்றிய பிறகே நல்லடையைக் கலக்கச் சொல்கிறது. முளைக்கு இது பொருந்தாத முறை; உயிருள்ள பூஞ்சைக்கும் நுரைமத்துக்கும் இதுவே முறை. பாலுக்கு உறை ஊற்றும் எந்தப் பெண்ணும் கொதிக்கும் பாலில் மோரை விடமாட்டாள். ஹண்டியா செய்வோரும் சோற்றைப் பரப்பி ஆறவிட்ட பின்பே ராணுவைப் பொடித்துத் தூவுகிறார்கள். நச்சினார்க்கினியர் 'ஆற்றி' என்பதைக் காண்கிறார். அதன் விளைவை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்கும் ஒரு தடை உண்டு. தென்னாப்பிரிக்காவின் உம்கொம்போத்தி என்ற பீரில் ஆறிய கூழிலேயே முளைகட்டிய சோளமாவைச் சேர்க்கிறார்கள். அங்கே முளை நொதிக்காக மட்டுமன்றி, அதன்மேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களுக்காகவும் சேர்கிறது. ஆகவே ஆற்றுதல் என்ற ஒன்றைக் கொண்டே நச்சினார்க்கினியரை வீழ்த்திவிட முடியாது. உவமை, அடை என்ற பெயர், ஆற்றுதல் ஆகிய மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதே என் வாதம். தனித்தனியே எதுவும் முடிவானது அன்று.

நச்சினார்க்கினியர் எப்படித் தவறியிருக்கக்கூடும்? அவரை 14ஆம் நூற்றாண்டினர் என்பர். பாட்டின் காலமோ தீராத வழக்கு. எப்படிக் கணித்தாலும் இடையில் ஆயிரம் ஆண்டை ஒட்டிய தொலைவு. தம் காலத்தில் கண்ட அல்லது கேட்ட முறையைப் பாட்டின்மேல் ஏற்றியிருக்கலாம். அப்படியானால் அவர் உரை பாட்டின் காலத்துக்குச் சான்றாகாமல், இடைக்காலத் தமிழகத்தில் முளைக் கள் இருந்ததற்குச் சான்றாகிறது. அந்த வகையில் அது பெரிய செல்வம். அதே நூலின் 142ஆம் அடியில் வரும் 'தோப்பி' நெல்லால் ஆனது என்பதை நமக்குச் சொன்னவரும் அவரே. அந்தக் குறிப்பை நான் அப்படியே ஏற்கிறேன்.

தோப்பி வரும் இடமும் கவனிக்கத்தக்கது. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வந்தவர்கள் அதை நறவுக்கு விலையாகக் கொடுக்கிறார்கள். வீட்டில் ஆக்கிய தோப்பியையும் குடிக்கிறார்கள். விலைக்கு வாங்கும் கள்ளும் வீட்டுக் கள்ளும் அருகருகே நிற்கின்றன. வீட்டுக் கள்ளுக்குப் பாட்டு தரும் அடைமொழி 'இல்லடு'. அடுதல் என்றால் சமைத்தல். பனங்கள்ளை யாரும் அடுவதில்லை, இறக்குகிறார்கள். அடுப்பேற்றும் கள் தானியக் கள்ளாகவே இருக்க வேண்டும். பின்னாளில் கள் என்றாலே பனையும் தென்னையும் நினைவுக்கு வரும்படி சொல் சுருங்கியது, தோப்பி வழக்கிழந்தது.

மலை மேலே நிலைமை வேறு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். பனையோ தென்னையோ அங்கு விளையாது. கீழிருந்து இறக்கிய கள் மலையேறி வருவதற்குள் புளித்துவிடும். அடிவாரத்தில் இரண்டு இரவில் விளையும் கூழும் அந்தக் குளிரில் அவ்வளவு விரைவில் விளையாது. மார்கழியில் கொடைக்கானல் வீடுகளில் இட்லி மாவு பொங்கப் படும் பாடே போதும் சான்று. மேல்மலையில் பழங்காலத்தில் கள் இருந்திருந்தால் அது வேறு வகையாகத்தான் இருந்திருக்கும். அந்த வேறு வகை தேன்தான் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன், சான்று மெல்லியது என்று தெரிந்தும்.

திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் பகுதியில் மூங்கிலில் விளைந்த தேன்கள்ளைக் குறவர் குடிக்கிறார்கள். அதே நூலில் பழனியாகிய திருவாவினன்குடி தனிப் பகுதி பெறுவதால், அந்தத் தேறலைப் பழனி மலைக்கே உரியதாக்கும் ஆசை எழுவது இயல்பு. பாட்டு அப்படிச் சொல்லவில்லை. குன்றுதோறாடல் பகுதி எந்தக் குன்றையும் பெயரிடவில்லை. அங்கு வரும் 'நீடமை' என்ற சொல்லில் 'அமை' மூங்கில்; 'நீடு' என்பதைக் காலத்தோடு சேர்த்து, நெடுநாள் மூங்கிலில் விளைந்தது என்று கொண்டால் மலைக்குளிருக்கு அது அழகாகப் பொருந்தும். நானும் சில காலம் அப்படியே நம்பினேன். ஆனால் செங்கம் பகுதி நன்னனைப் பாடும் மலைபடுகடாத்தில் அதே இடத்தில் 'திருந்தமை' என்று வருகிறது. அங்கே 'திருந்து' மூங்கிலின் அடை என்பதில் ஐயமில்லை. ஆகவே இங்கும் 'நீடு' மூங்கிலின் நீளத்தையே குறிக்க வேண்டும். நெடுநாள் என்ற பொருளைக் கைவிடுகிறேன்.

தேன்கள்ளுக்கு அடை வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஈரப்பதம் 17, 18 விழுக்காட்டுக்கு மேல் போனால் தேன் தானே நொதிக்கத் தொடங்கும். நம் காட்டுத்தேன் பெரும்பாலும் 20ஐத் தாண்டும். மழைக்காலத்தில் எடுத்தது இன்னும் கூடும். ஒரு கணு மூங்கிலும் கொஞ்சம் நீரும் போதும். அடிவாரத்தில் சாடியும் நெல்லும், மேலே மூங்கிலும் தேனும் என்ற இரட்டை மரபாக இதைக் காண்கிறேன். தேன் எடுக்கும் பளியர் இன்றும் இம்மலையில் வாழ்கிறார்கள்; அவர்களை அந்தப் பழங்குறவரோடு நேர்கோட்டில் இணைக்க நான் துணியவில்லை.

வீட்டுக் கள் மரபு எப்போது அறுந்தது என்பதற்குத் துல்லியமான ஆண்டு சொல்ல முடியாது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள் ஆக்குவதை உரிமத்துக்குள் அடைத்தது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் மதுக்கடைகள் திறந்தபோதும் வீட்டில் ஆக்குவது குற்றமாகவே நீடித்தது. ஆனால் தோப்பி என்ற சொல் இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே வழக்கிலிருந்து போய்விட்டது. சட்டத்தின்மேல் பழிபோடுவது எளிது. சொல்லின் மறைவு அதற்கு இடம் தரவில்லை.

நல்லடை வழக்கைத் தீர்க்கச் சொல்லாராய்ச்சியைவிட மட்பாண்டமே உதவும். சீனாவின் மிஜியாயாவில் 5,000 ஆண்டுப் பழமையான பானைகளின் உட்படிவிலிருந்து முளைகட்டிய தானியத்தைக் கள்ளுக்குப் பயன்படுத்தியதை 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நொதிகள் அரித்த மாவுமணிகளில் அரிப்பின் தடம் நிற்கும். பூஞ்சை இழைகளும் சில வேளை எஞ்சும். தமிழகத்து வாழ்விடங்களில் கிடைக்கும் வாயகன்ற தட்டுகளையும் கழுத்துக் குறுகிய சாடிகளையும் கழுவித் துடைப்பதற்கு முன் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஈமக்குழிச் சாடிகளைவிட அடுப்படியில் கிடைக்கும் பிழா போன்ற தட்டுகளின் உட்புறமே முதலில் பார்க்க வேண்டிய இடம், ஏனெனில் பாட்டின்படி நல்லடை கூழோடு சேர்ந்தது அங்கேதான்.