புரதத்தை எடை போட்ட கூழ்

இராமேசுவரம், மண்டபம் கடலில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் காய்ச்சினால் அகர் கிடைக்கிறது. நோன்புக் காலத்தில் இராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் செய்யும் ‘கடல்பாசி’ இனிப்பு இந்த அகர்தான். இத்தகைய கூழ்கள், கண்ணுக்குத் தெரியாத புரத மூலக்கூறுகளை எடைபோட உதவிய வரலாறு சுவையானது.

மின்னூட்டம் பெற்ற துகள் மின்புலத்தில் நகரும். இதைக் கொண்டு ஸ்வீடனின் உப்சாலாவில் ஆர்னே டிசேலியஸ் 1937-இல் இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் மின்னோட்டம் நீரைச் சூடாக்கும். சூடேறிய நீர் சுழலும். பிரிந்தவை மீண்டும் கலக்கும். நீரைச் சுழலாமல் நிறுத்துவது எப்படி? கூழாக்கினால் போதும்!

1955-இல் டொரான்டோவில் ஆலிவர் ஸ்மிதீஸ் மாவுக்கூழைப் பயன்படுத்தினார். சிறுவயதில், தாயார் துணிக்குப் போட்ட கஞ்சி ஆறியதும் உறைந்ததை அவர் நினைவு கூர்ந்தார். அகர் கூழில் வேறொரு தொல்லை உண்டு. அதன் ஒரு பகுதி மின்னூட்டம் உடையது. அதனால் கூழிலுள்ள நீரே ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். 1961-இல் உப்சாலாவில் ஸ்டெல்லான் ஹெர்ட்டேன் அப்பகுதியை நீக்கி, அகரோசைப் பிரித்தெடுத்தார். அகரோசின் துளைகள் பெரியவை. டி.என்.ஏ.வுக்கு அவை பொருந்தும். பெரும்பாலான புரதங்களைச் சலிக்க உதவா. அதற்கு, 1959-இல் ரேமண்டும் வைன்ட்ராபும் கொண்டுவந்த பாலிஅக்ரிலமைடு கூழே ஏற்றது.

பிரிப்பது வேறு, எடை காண்பது வேறு. புரதத்தின் வேகம் அதன் மின்னூட்டம், உருவம், பருமன் மூன்றையும் பொறுத்தது. இவற்றில் பருமனை மட்டும் எப்படித் தனித்துப் பார்ப்பது? 1967-இல் ஷபீரோ, வின்யுவேலா, மைசல் ஆகியோர் வழி கண்டனர். சோடியம் டோடெசில் சல்பேட் என்னும் அழுக்குநீக்கி புரதத்தின் மடிப்பை அவிழ்த்து, அதன் மேல் படர்கிறது. 1 கிராம் புரதத்தில் சுமார் 1.4 கிராம் ஒட்டுகிறது. ஆகவே நீளம் கூடக் கூட மின்னூட்டமும் கூடும். நீரின் தடையும் அதே அளவில் கூடும். வெறும் நீரில் விட்டால் எல்லாப் புரதங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும்! கூழில்தான் வேறுபாடு தெரிகிறது. வலைக்கண்ணில் சிறுமீன் நழுவுவதுபோலச் சிறிய புரதம் முந்துகிறது, பெரியது பின்தங்குகிறது.

1969-இல் வெபரும் ஆஸ்பார்னும் சுமார் 40 புரதங்களைச் சோதித்தனர். மூலக்கூறு எடையின் மடக்கையை நகர்ந்த தொலைவுக்கு எதிராக வரைந்தபோது நேர்கோடு கிடைத்தது. எடை தெரிந்த புரதங்களைப் பக்கத்தில் ஓடவிட்டால், தெரியாததன் எடையைக் கோட்டிலிருந்து படித்துவிடலாம். 1970-இல் லெம்லி இம்முறையை மேலும் கூர்மையாக்கினார்.

இது மதிப்பீடுதான், பத்து விழுக்காடு பிழை வரலாம். சர்க்கரை இணைந்த புரதங்கள் இன்னும் கூடுதலாக ஏமாற்றும். ஆயினும், நீரை அசையாமல் பிடித்துவைக்க வந்த கூழே இறுதியில் தராசாகிவிட்டது.